ஒப்புக்கொடுத்த பின்பும் பழைய கோபம் திரும்புகிறதே, ஏன்?

பெரம்பூரில் குடியிருந்து, சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் 34 வயதுச் சகோதரர் ஒருவர் என்னிடம் கேட்டிருப்பது இதுதான். அவர் பிறந்ததிலிருந்தே சபைக்குப் போய்வருகிறவர்; ஞானஸ்நானமும், வளர்ந்தபின் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடும் திடப்படுத்தலும் பெற்றவர்; ஆனால் அவை எல்லாம் வீட்டு வழக்கம் என்ற அளவிலேயே நின்றிருந்தன. இந்த ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலத்தில் நடந்த ஓர் எழுப்புதல் கூட்டத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர், தம்மை அறியாமல் அழுது, தம் வாழ்வைக் கிறிஸ்துவுக்கு ஒப்புக்கொடுத்தார். அதன்பின் மூன்று வாரங்கள் காலையில் கண் விழிக்கும்போதே வாயில் பாட்டு வந்தது. இப்போது நான்கு மாதங்கள் ஆகின்றன. அந்த மகிழ்ச்சியைக் காணவில்லை, பழைய கோபம் திரும்பிவிட்டது. சென்ற வாரம் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை முன்னிட்டு அவர் மனைவியிடம் கத்தியபோது, "மாறிவிட்டேன் என்று சொன்னீர்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தச் சகோதரி அடுப்படிக்குள் போய்விட்டார். இதற்கிடையில், வருகிற மாதம் ஆராதனையில் சாட்சி சொல்லும்படி, அதாவது கடவுள் தம்மை மாற்றியதைச் சபையின் முன் சொல்லும்படி, ஆயர் கேட்டிருக்கிறார். அன்று இரவு நடந்தது உண்மையா, வெறும் உணர்ச்சியா? போன மகிழ்ச்சி திரும்பி வருமா? இந்த நிலையில் சாட்சி சொல்லலாமா?

நான் இறையியல் கற்ற ஆயர் அல்லன். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். 40 ஆண்டுகளாகச் சபையில் திடப்படுத்தல் வகுப்பும் வாலிபர் வேதபாடமும் நடத்திவருகிறேன். இதே கேள்வியை, இதே கலக்கத்தோடு, பலர் என் வீட்டில் வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் பிறரிடம் போய்க் கேட்டிருக்கிறேன். ஆகையால் அறிந்த அளவுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'மெட்டனோயா' என்று இருப்பதை நம் வேதாகமம் 'மனந்திரும்புதல்' என்று பெயர்த்திருக்கிறது. கிரேக்கச் சொல் மனம் மாறுவதை மட்டும் சொல்கிறது. தமிழ்ச் சொல்லில் ஒரு வழியும் பயணமும் சேர்ந்துகொண்டன. சென்னைக் கடற்கரை நிலையத்துக்குப் போக வேண்டிய ஒருவர் தவறுதலாக எதிர்த்திசையில் போகும் தாம்பரம் வண்டியில் ஏறிவிட்டதை மாம்பலத்தில் உணர்ந்து, இறங்கி, எதிர் நடைமேடைக்கு மாறி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பிவிட்டார் என்பது முழு உண்மை. ஆனாலும் அவர் நிற்பது மாம்பலத்தில்தான். கடந்து வந்த நிலையங்கள் அத்தனையையும் அவர் மறுபடி கடந்தாக வேண்டும். லெந்து கால இரவில் உங்களுக்கு நேர்ந்தது அந்த நடைமேடை மாற்றம் என்றே நான் எண்ணுகிறேன். கோபம் என்பது நீங்கள் திரும்பிக் கடக்க வேண்டிய நிலையங்களில் ஒன்று.

உங்கள் மனத்தை உண்மையில் அரிப்பது மகிழ்ச்சியைப் பற்றிய கேள்வி. அதற்கு மத்தேயு 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். அந்த ஒரே அதிகாரத்தில் இயேசு இரண்டு மகிழ்ச்சிகளைப் பற்றிச் சொல்கிறார். முதலாவது, கற்பாறை நிலத்தில் விழுந்த விதையின் மகிழ்ச்சி: வசனத்தைக் கேட்டவுடனே அதைச் சந்தோஷத்தோடே ஏற்றுக்கொள்ளுகிறவன், தனக்குள்ளே வேரில்லாதவனாகையால் கொஞ்சக்காலம் மாத்திரம் நிலைத்திருக்கிறான். இரண்டாவது, நிலத்தில் புதைந்திருந்த பொக்கிஷத்தைக் கண்ட மனிதனின் மகிழ்ச்சி: அதைப் பற்றிய சந்தோஷத்தினாலே அவன் போய், தனக்குண்டான எல்லாவற்றையும் விற்று, அந்த நிலத்தை வாங்குகிறான். இருவருக்கும் தொடக்கத்தில் இருந்த மகிழ்ச்சியைத் தராசில் வைத்து நிறுத்தால் எடை வேறுபட்டிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருவருடைய கண்களிலும் அன்று நீர் வந்திருக்கும். ஒருவன் அந்த மகிழ்ச்சியை அனுபவித்துக்கொண்டு அங்கேயே நின்றான். மற்றவன் அதன் பலத்தால் வீட்டுக்குப் போய், இருந்ததை விற்கத் தொடங்கினான். ஆகவே அந்த மூன்று வாரங்கள் உண்மையா பொய்யா என்பதற்கான விடை அந்த மூன்று வாரங்களுக்குள் கிடைக்காது. அவற்றின் பலத்தில் நீங்கள் எதை விற்கத் தொடங்கினீர்கள் என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையளிக்க உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இதையே லூக்கா ஆட்களை வைத்துக் காட்டுகிறார். 18-ஆம் அதிகாரத்தில் ஓர் ஐசுவரியவான் வருகிறான். கற்பனைகளை, அதாவது கடவுளின் கட்டளைகளை, சிறுவயது முதல் கைக்கொண்டவன், இன்றைய வழக்கில் சொன்னால் ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே சபையில் வளர்ந்தவன். உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற சொல்லைக் கேட்டு அவன் மிகுந்த துக்கமடைந்தான். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இன்னோர் ஐசுவரியவான் வருகிறான். வரி வசூலில் ஊரைச் சுரண்டிப் பணம் சேர்த்த சகேயு. இயேசுவைப் பார்ப்பதற்காக ஏறியிருந்த மரத்திலிருந்து அவன் சீக்கிரமாய் இறங்கி, சந்தோஷத்தோடே இயேசுவை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்கிறான், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்கிறான். இவ்விருவரையும் லூக்கா இத்தனை அருகில் நிறுத்தியிருப்பதை எண்ணி எண்ணி நான் வியந்ததுண்டு. இருவருக்கும் பணம் இருந்தது. இருவரும் இயேசுவை நேரில் கண்டார்கள். பிடித்துக்கொண்டிருந்தவன் துக்கத்தோடும் கையை விரித்தவன் சந்தோஷத்தோடும் முடிந்தார்கள்.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு நீங்கள் போய்விடக் கூடாது. கொடுத்ததனால் சகேயு ஏற்றுக்கொள்ளப்பட்டான் என்று கதை சொல்லவில்லை. அவன் மரத்தின்மேல் இருக்கும்போதே, ஒரு காசும் திருப்பிக் கொடுக்காத நிலையிலேயே, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்று இயேசு சொல்லிவிட்டார். ஊரே முறுமுறுத்தது அதற்காகத்தான். கிருபையைக் குறிக்கும் 'காரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் மகிழ்ச்சியைக் குறிக்கும் 'காரா' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்பது இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. தகுதி பார்க்காமல் ஒருவர் நம் வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதில் பிறக்கும் மகிழ்ச்சிதான் கிறிஸ்தவ மகிழ்ச்சி. மாற்றம் அந்த விருந்தினருக்கு நாம் செய்யும் உபசாரம். கோபத்தை அடக்கிக் காட்டினால் கடவுள் மறுபடி மகிழ்ச்சி தருவார் என்று நினைத்து நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால், துக்கத்தோடு முடிந்த அந்த முதல் ஐசுவரியவானின் வழியில் போகிறீர்கள் என்று பொருள்; அந்த வழி உங்களை இன்னும் எரிச்சலுள்ளவராக ஆக்கும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தகப்பனாரின் வீட்டைப் பாகம் பிரித்தபோது என் அண்ணன் எனக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று நம்பி, ஆறு ஆண்டுகள் அவரோடு பேசாமல் இருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளும் ஞாயிறு தவறாமல் வகுப்பு நடத்தினேன், திருவிருந்தில் பங்கு பெற்றேன், உபவாச ஜெபத்துக்குப் போனேன். எனக்குள்ளே சாறில்லாத ஒரு வறட்சி இருந்தது, அதன் காரணம் வேலைப் பளு என்று சொல்லிக்கொண்டேன். ஒருநாள் வகுப்பில், காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொல்லும் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின் 23, 24 வசனங்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "சார், உங்களுக்கு அப்படி யாராவது உண்டா?" என்று கள்ளமில்லாமல் கேட்டாள். வகுப்பை ஒருவாறு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்த வசனத்தை மறுபடி படித்தேன். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்றிருந்தது. அவர்பேரில் எனக்குள்ள குறையை நான் ஆறு ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தேனே ஒழிய, என்பேரில் அவருக்குள்ள குறையை ஒருநாளும் எண்ணியதில்லை. எங்கள் தாயார் படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு ஆண்டுகளும் அண்ணனும் அண்ணியுமே பார்த்துக்கொண்டார்கள். நான் மாதம் ஒருமுறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை குரோம்பேட்டைக்குப் போய், வீட்டுக் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அம்மாவை நான் கவனிக்காததற்கு மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. அண்ணி காப்பி கொடுத்தார்; குடித்துவிட்டு எழுந்து வந்தேன். பூங்கா நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, மூர் மார்க்கெட் வளாகத்தில் அடுத்த வண்டிக்காக நின்றபோது எனக்கு எந்த மகிழ்ச்சியும் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. போயிருக்கவே வேண்டாமோ என்றுகூட நினைத்தேன். ஐந்து மாதங்கள் கழித்து, கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், அண்ணன் மகன் ஒரு தூக்குச்சட்டி நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து, "அப்பா கொடுத்துவிடச் சொன்னார், சித்தப்பா" என்றான். அன்று நான் அழுதேன். வீட்டுப் பணம் எனக்கு வரவே இல்லை. அந்தக் கணக்கைப் போடுவதை நான் எந்த நாளில் நிறுத்தினேன் என்பதும் எனக்குத் தெரியாது. ஜெபத்தில் உட்கார்ந்தால் மனம் தங்குகிறது என்பதை மட்டும் பிறகு உணர்ந்தேன். எனக்கு வந்த மகிழ்ச்சி இப்படி, பின்வாசல் வழியாக வந்தது.

நீங்கள் கேட்கும் கேள்வியை உங்களுக்கு முன்னே கேட்டவர்களில் ஆங்கிலேயப் போதகரான ஜான் வெஸ்லியும் ஒருவர். நம் ஊர் இராயப்பேட்டையில் அவர் பெயரில் ஆலயம் இருக்கிறது; 1947 செப்டம்பர் 27 அன்று இந்நகரின் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அவர் வழிவந்த மெதடிஸ்டு சபையாரும் அதில் இணைந்தார்கள். அவர் குருப்பட்டம் பெற்று, அமெரிக்காவுக்கு மிஷனரியாகப் போய், தோல்வியோடு இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்த நேரம். 1738 மே 24 அன்று மாலை, மனமில்லாமல் லண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்குத் திருச்சபைச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தபோது, தம் இருதயம் வழக்கத்துக்கு மாறாக அனல்கொண்டதை உணர்ந்தார். இவ்வளவு பலருக்குத் தெரியும். அதே நாள் குறிப்பில் அடுத்து அவர் எழுதியிருப்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. சற்று நேரத்துக்குள்ளேயே, இது விசுவாசமாக இருக்க முடியாது, இருந்தால் உன் மகிழ்ச்சி எங்கே என்று சத்துரு தம் மனத்தில் கேட்டதாக அவர் எழுதுகிறார். பாவத்தின்மேல் வெற்றியும் சமாதானமும் விசுவாசத்துக்கு இன்றியமையாதவை, தொடக்கத்தில் பொங்கும் பரவசத்தையோ தேவன் தம் சித்தப்படி சிலநேரம் தருகிறார், சிலநேரம் தராமல் வைக்கிறார் என்பதே அவர் கற்றுக்கொண்ட விடை. நீங்கள் நான்கு மாதங்களில் வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் அன்றிரவே வந்து சேர்ந்துவிட்டார்.

மாற்றம் எத்தனை மெதுவாக நடக்கக்கூடும் என்பதற்கு, மாலுமியாக இருந்து பின்னாளில் குருவான ஆங்கிலேயர் ஜான் நியூட்டனைச் சொல்லலாம். 1748-இல் கடற்புயலில் கடவுளை நோக்கிக் கதறியவர், அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அடிமை வணிகக் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார்; அந்த வணிகத்தைக் கண்டித்து, தம் பங்குக்காக வெட்கப்பட்டு அவர் வெளிப்படையாக எழுதியது 1788-இல். 40 ஆண்டுகள்! இதை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்; அவர் உணரத் தாமதித்த காலத்துக்கான விலையை வேறு மனிதர்கள் தங்கள் உடலால் கொடுத்தார்கள். உங்கள் கோபத்தின் விலையையும் உங்கள் வீட்டில் இருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மவருள், கிறிஸ்தவக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை நினைக்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து வளர்ந்தவர், 1858-இல் இதே சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். சொந்தபந்தங்களின் துக்கத்தையும் கோபத்தையும் தாங்கிக்கொண்டே அவர் அந்த அடியை எடுத்துவைக்க வேண்டியிருந்தது. அவருடைய பெருங்காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்தது 1894-இல். ஞானஸ்நானத்துக்கும் அந்தக் காப்பியத்துக்கும் இடையே 36 ஆண்டுகள். புதிய மனிதனான பிறகும் அவருடைய பழைய தமிழ் அழியவில்லை. கம்பனிடம் கற்ற நடையே புதிய பக்திக்கு வாயாயிற்று. உங்களிடமும் கடவுள் அழிக்க நினைக்காத, திருப்பிவிட மட்டும் நினைக்கிற குணங்கள் இருக்கும். வேலையில் தவறைப் பொறுக்காத உங்கள் கண்டிப்பு அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

இனி, செய்ய வேண்டியவை. ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையை மனப்பாடமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடாதீர்கள். இரவு படுக்குமுன் அன்றைய பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள்: இன்று எட்டரை மணிக்கு, கணக்குப் பாடத்தில், இந்தச் சொல்லைச் சொல்லிப் பிள்ளையை அவமதித்தேன் என்று. அப்படிச் சொல்லத் தொடங்கினால் சில வாரங்களில் ஒன்று தெரியவரும்; கோபம் எங்கும் எப்போதும் வருவதில்லை, அதற்கென்று நேரமும் இடமும் இருக்கின்றன. பழைய மாமல்லபுரம் சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று, பசியோடு வீடு வந்து, அமெரிக்க அழைப்புக்கு முன் கிடைக்கும் அரை மணி நேரத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்தால் எந்தப் பரிசுத்தவானுக்கும் அது சோதனைதான். அந்த நேரத்தை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். அதுவும் ஜெபத்தின் ஒரு பகுதியே.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும்போது, 'ஆனால் நீயும்' என்ற சொல்லைச் சேர்க்காமல் கேளுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். சகேயுவின் ஊரிலும் வரி வசூலிப்பவன் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை.

நாளுக்கு ஒரு சங்கீதம் போதும். 150-உம் ஐந்து மாதங்களில் முடிந்துவிடும். மகிழ்ச்சியானவற்றை மட்டும் தேடி வாசிக்காமல் வரிசையாக வாசியுங்கள். புலம்பல்கள் நிறைய வரும். 88-ஆம் சங்கீதம் ஒரு நம்பிக்கை வரியும் இல்லாமல் இருளிலேயே முடியும். ஜெபப் புத்தகத்தில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது வறண்ட நாட்களில் உங்களைத் தாங்கும். 51-ஆம் சங்கீதத்தில் தாவீது, "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து" என்று வேண்டுகிறார். அந்தத் 'திரும்பவும்' என்ற சொல்லில் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இருக்கிறது. இழந்தவர்கள் கேட்பதற்கென்றே அந்த ஜெபம் எழுதப்பட்டது. ஆனால் அது பாவத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட பிறகே வருகிறது. பவுலும் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். பெற்றுக்கொண்டேன் என்று எழுதவில்லை. ஆசிரியராக இருந்தவன் என்பதால் இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். கற்பது என்றால் தவறு செய்வதும் திருத்துவதும் அதில் அடங்கும்.

தனியாக நடக்க முயலாதீர்கள். எழுப்புதல் கூட்டத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் செவ்வாய்க்கிழமை இரவு உங்களைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. சபையில் உங்களைவிட மூத்த ஒருவரிடம், வாரம் ஒருமுறை உண்மையைச் சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வரும் ஆண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டுகிறோம். அது நல்ல வழக்கம்தான், ஆனால் அந்த வசனம் வீடு கட்டுவதையும் விசா கிடைப்பதையும் மட்டும் குறிப்பதாக வாசிக்கப் பழகிவிட்டால், அவை கிடைக்காத ஆண்டில் மகிழ்ச்சியும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் விருப்பமில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்; மனநல மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் எந்த விசுவாசியும் அதற்காக வெட்கப்படுவதில்லை. கோபம் கைநீட்டும் அளவுக்குப் போயிருந்தால், அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் சொல்கிறேன், ஒரு நாளும் தாமதிக்காமல் உதவி தேடுங்கள். அதுவரை உங்கள் மனைவியும் பிள்ளையும் பாதுகாப்பாக இருப்பது உங்கள் சமாதானத்தைவிட முக்கியம்.

கடைசியாக, சாட்சி சொல்லலாமா என்ற கேள்வி. இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் அனுபவம் பொய் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் மேடையில் நின்று 'என்னைக் கர்த்தர் மாற்றினார்' என்று சொல்லும்போது, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து தலை குனிந்திருக்கப்போகிறவர் உங்கள் மனைவி. அந்த நிலைக்கு அவரை ஆளாக்காதீர்கள். ஆயரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இதைக் கேட்டு வருத்தப்படும் ஆயரை நான் பார்த்ததில்லை. அடுத்த லெந்து காலம் வரும்போது ஒரு மாலையில் உங்கள் மனைவியிடம், சாட்சி சொல்லட்டுமா என்று கேளுங்கள். அவர் சொல்லலாம் என்றால் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றால் அதையும் ஏற்றுக்கொண்டு, அன்று பிள்ளைக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தர உட்காருங்கள்.